தெருக்குழாயிலிருந்து நேர் லைன்

திருக்கோகர்ணத்தில் மேனேஜர் சார் வீட்டுத் தொட்டியில் பதினொரு மீன்களும் ஒரே காலையில் செத்து மிதந்தன. தொட்டி போட்டவன் நான். போன் செய்தவர் அந்த வீட்டில் சமையலும் காவலுமாக இருந்த லூர்து அக்கா. "தம்பி, ஒண்ணுகூட அசையலைங்க. வெரசா வாங்க" என்றார். சார் குடும்பத்தோடு பெங்களூரு போயிருந்தார். அன்று மாலைதான் திரும்புவார்.

வண்டியை எடுக்கும்போதே எனக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. அதைச் சொல்ல முந்தின கோடைக்குப் போக வேண்டும்.

சார் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். ஒராண்டா என்கிற தங்கமீன் வகை என்றால் அவருக்கு உயிர். அந்த மீனுக்குச் சூடு ஆகாது. நம் ஊர் வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் மதியத்தில் கையைச் சுடும்; அதைத்தான் ஃபில்டருக்கு விட்டுக்கொண்டிருந்தோம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. "கூலிங் மெஷின்லாம் வேணாம்ப்பா, கரண்ட் போனா அதுவும் போச்சு. குளுந்த தண்ணி வர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணு" என்றார் சார்.

பண்ணினேன். தெருக்குழாய்த் தண்ணீர் மண்ணுக்கடியில் வருவதால் குளுகுளுவென்று இருக்கும். அந்த லைனில் ஒரு ஜாயின்ட் போட்டு, தொட்டிக்குக் கீழே இருந்த ஃபில்டர் பெட்டிக்கு நேராகக் கொடுத்தேன். தண்ணீர் வரும் நேரமெல்லாம் புதுசு உள்ளே போகும், பழசு ஓவர்ஃப்ளோ வழியாக வாழைக்குப் போகும். சார் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

முறைப்படி செய்திருந்தால், நிழலில் டிரம் வைத்து, தண்ணீரை ஒரு நாள் அதில் தேக்கி, மீனுக்கு ஆகாத குளோரின் போன பிறகுதான் விட்டிருக்க வேண்டும். மாடி டேங்க்கில் அது வெயிலில் தானாகவே போய்க்கொண்டிருந்தது. டிரம், ஒரு சின்ன மோட்டார், அரை நாள் வேலை. எனக்குச் சோம்பல். பத்து மாதம் ஒன்றும் ஆகவில்லை, அதனால் நான் செய்ததே முறை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஊரில் காய்ச்சல் பரவியது, குடிதண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கூட்டினார்கள். மீன் சாவதற்கு முந்தின நாள் லூர்து அக்கா போன் செய்தார்.

"தம்பி, குழாயில மருந்து வாடை தூக்கலா அடிக்குது. மீனுக்கு ஒண்ணும் ஆயிராதுல்ல? வேணா லைனை அடச்சிரவா?"

"எதையும் தொட்டுராதீங்கக்கா. எல்லாம் ஃபில்டர் பாத்துக்கும். நீங்க ஒங்க வேலையப் பாருங்க."

இதே வார்த்தையில்தான் சொன்னேன். மறுநாள் காலையில் போய், குழாய்த் தண்ணீரைக் குப்பியில் பிடித்து டெஸ்ட் மருந்து இரண்டு சொட்டு விட்டேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். மஞ்சளைத் தாண்டி ஆரஞ்சுக்கே போய்விட்டது. அக்கா அடுப்படியில் இருந்தார். குப்பியை வாஷ்பேசினில் கொட்டிக் கழுவிவிட்டேன்.

மாலையில் சார் வந்தார். தொட்டிக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "வீட்டுல யாராச்சும் ஸ்ப்ரே கிப்ரே அடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"கரப்பானுக்கு அடுப்படில அடிச்சேங்க. இங்கிட்டுக் கொண்டாரவே இல்லைங்க" என்றார் அக்கா. "தண்ணிலதாங்க மருந்து வாடை. தம்பிகிட்ட நேத்தே சொன்னேன்."

சார் என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, தண்ணியா?"

இருபது வருஷமாகத் தொட்டி போடுகிறவன் நான். சமையல் செய்கிற அம்மா சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. வெட்கம், பயம், திமிர் எல்லாம்தான். "தண்ணிக்கு இப்படி மொத்தமா சாகாது சார். அடுப்படில அடிச்சது காத்துல வந்துருக்கும். ஏர் பம்ப் அத இழுத்து உள்ள தள்ளிரும்" என்றேன். ஏர் பம்ப் இழுக்கும் என்பது உண்மைதான். தொழில் தெரிந்தவன் பொய் சொன்னால் கேட்கிறவருக்கு மறுக்க வழியே இருக்காது.

"தம்பி, நீங்களா இப்படிச் சொல்றீங்க?" என்றார் அக்கா. நான் குனிந்து ஏர் டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒன்பது வருஷம் இருந்த வீடு. பின்பக்க ரூமில் மகளோடு தங்கியிருந்தார். மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில் வந்து போகிற தூரத்தில், அன்னவாசலில் அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். பரீட்சை சமயத்தில் அந்தப் பெண்ணை பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை பார்த்தேன், கூட்டத்தில் நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். வண்டியை விரட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

புது மீன் விடுவதற்கு முன்னால், சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு தெருக்குழாய் லைனை வெட்டி அடைத்தேன். கொல்லையில் நிழலாகப் பார்த்து டிரம் வைத்தேன். தண்ணீர் குளிர்ச்சியாகவும் இருந்தது, குளோரினும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள். மீன் செத்தால் டெஸ்ட் குப்பியை வீட்டுக்காரர் கண் முன்னால் பிடியுங்கள், தப்பு உங்களுடையதாக இருந்தாலும். அன்றைக்கே சொல்லாவிட்டால் அப்புறம் சொல்ல வராது. நான் இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த வருஷம் சார் போன் செய்தார். "பாத்தியா, அந்தம்மா போனதுலருந்து ஒரு மீன் சாகல. நீ அன்னிக்குச் சொன்னது கரெக்டுய்யா. என் மச்சான் வீட்டுலயும் ஒரு தொட்டி கேக்குறாங்க, ஒன்னையத்தான் சொல்லிருக்கேன்."

"சரிங்க சார்" என்றேன். போய்ப் போட்டும் கொடுத்தேன்.