நூற்றுக்கு நூறு எடுத்த வகுப்பு

வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் 'கொதிகலன்'. அவர் கத்தினால் மாடி வகுப்புவரை கேட்கும். பாவம், கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம், கடைசி பெஞ்சு தூங்கி வழிவது நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் டேப்லெட் கொடுத்ததும், மனுஷி மாய்ந்து மாய்ந்து வீடியோ பாடம் தயாரித்தார். பாதியில் வீடியோ தானாக நிற்கும், ஒரு கேள்வியும் நாலு விடையும் வரும். சரியானதைத் தொட்டால்தான் மேற்கொண்டு ஓடும்.

முதல் தடவையிலேயே தப்பு என்று மார்க்கைக் குறைத்தால், மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள் கூனிக் குறுகிப்போகுமே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடலாம், கடைசி விடைக்குத்தான் மார்க் என்று வைத்துவிட்டார். நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? மொத்த வகுப்பும் நூற்றுக்கு நூறு. தலைமையாசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டிப் பீற்றிக்கொண்டார்.

அடுத்து ஆய்வக வகுப்பு வந்தது. அமிலத்தின் வீரியத்தைத் தண்ணீரால் குறைக்கவேண்டும். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும், மாற்றிச் செய்தால் ஆபத்து. வீடியோவிலேயே கேட்ட கேள்விதானே, எல்லோருக்கும் தெரியும் என்று டீச்சர் மறுபடி சொல்லவில்லை. தையல்காரர் மகள் அமிலத்தின் மேல் தண்ணீரைக் கொட்டினாள். பாதுகாப்புக் கண்ணாடியை, ஆவி படிந்து மறைக்கிறதென்று நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். குடுவை பொங்கி முகத்தில் தெறித்தது. டீச்சர் ஓடிவந்து அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போனார். அப்படியும் வலது கண் பிழைக்கவில்லை.

மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரி அழுதுகொண்டே வந்தாள்.

"நாங்க யாருமே கேள்வியைப் படிக்கிறதில்ல டீச்சர். மேல இருந்து வரிசையா தட்டுவோம், எதுலயாவது ஓடிடும்."

டீச்சர் நேரே தலைமையாசிரியையிடம் போய், "தப்பு என் மேலதான் மேடம்," என்றார்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க. உங்க வேலையும் போயிடும், ஸ்கூல் பேரும் போயிடும்."

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தலைமையாசிரியை கையோடு கொண்டுபோன ரிப்போர்ட்டைத் தையல்காரர் விரல் வைத்துப் படித்தார்.

"அமிலத்துல தண்ணி ஊத்தக்கூடாதுங்கற கேள்வி இதுல இருக்கா டீச்சர்?"

"இருக்கு," என்று தலைமையாசிரியை முந்திக்கொண்டார். "உங்க பொண்ணு சரியாத்தான் பதில் போட்டிருக்கா, பாருங்க."

தையல்காரர் மகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சேவா ஊத்தின? இவ்வளவு சொல்லிக் குடுத்திருக்காங்களே, பாவி!"

இப்போதாவது சொல்லக்கூடாதா அந்த மனுஷி? சொல்லத்தான் வாயெடுத்தார். கட்டிலிலிருந்து பெண் முந்திக்கொண்டாள். பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

"மன்னிச்சிடுங்க டீச்சர். நான்தான் ஒழுங்கா கவனிக்கல. என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

தலைமையாசிரியை டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லம்மா," என்றார் டீச்சர்.