சம்பந்தியின் ஐஸ் ஹாக்கி கிளப்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சுமந்தேன், பிறகு செங்கல் விற்றேன், இன்றைக்குக் குன்னத்துகாலில் செங்கலும் ஜல்லியும் விற்கச் சொந்த இடமும் டிப்பர் லாரிகளும் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் மாடி எழுந்த வீடுகளில் பாதி என் கல்லில்தான் நிற்கிறது. எந்த ஆளையும் ஒரு தடவை பார்த்தால் எடை போட்டுவிடுவேன். என் மகளின் மாமனார் ஒருவர்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மகள் சுவீடனில் நர்ஸ். அந்த ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் ஒரே நிபந்தனை வைத்தேன். கல்யாணம் நம் சபையில் நடக்க வேண்டும், பையனின் அப்பா வந்து என் பக்கத்தில் முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டால், பெண் எவனோடோ போய்விட்டாள் என்று யாரும் பேச முடியாது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், அந்த நாற்பது நாள் நோன்பில், எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது. அதனால் ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமையைக் குறித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு போதகர் ஆராதனையில் அறிவித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். ஓலை வாசிப்பது என்போம். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது வருவதற்குள் மகள் வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா, மாமாவுக்கு வர முடியாதாம். அன்னைக்கு அவருக்க கிளப்புக்கு மேட்ச் உண்டு."

அந்தக் கிளப்பைப் பற்றி ஊர் முழுக்க நானே சொல்லி வைத்திருந்தேன். அவர் அனுப்பிய படங்களில் எல்லாம் கிளப் முத்திரை போட்ட ஜாக்கெட், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி, பின்னால் பெரிய ஸ்டேடியம். முதலாளி கையில் இல்லாமல் சாவி வேறு யார் கையில் இருக்கும்? ஐஸில் சறுக்கி ஹாக்கி விளையாடும் பெரிய கம்பெனிக்கு ஓனர் என்று சபைக் கமிட்டியிலும் சொல்லிவிட்டேன்.

"ஓனருக்கு ஒரு நாளு லீவு எடுக்கப்பிடாதா?"

"அவரு ஓனர் இல்லப்பா. மெம்பர் ஆக்கும். மேட்ச் அன்னைக்கு காபி விப்பாரு, முடிஞ்சா கதவு பூட்டுவாரு. சம்பளமும் கெடையாது."

"அப்பம் ஓனர் ஆரு?"

"ஒருத்தரும் இல்ல. கிளப்பு மெம்பர்மாருக்கது தான்."

"மக்கா, நானும் ரப்பர் சொசைட்டியில மெம்பர் தான். சொசைட்டி தீப்பிடிச்சாலும் எனக்க மவனுக்க கல்யாணத்துக்கு நான் போவேன்."

சம்பந்தி போனை வாங்கிக்கொண்டு நிதானமாகப் பேசினார். மகள் இடையிடையே தமிழில் சொன்னாள். அவருடைய தாத்தாவும் மர மில்லில் வேலை பார்த்த சிலரும் பலகை சுமந்து வந்து, உறைந்த ஏரியின் ஓரத்தில் அடைத்துத் தொடங்கிய கிளப். அப்பா காலத்தில்தான் கூரை வந்தது. ஒரு தடவை நாட்டிலேயே முதலாவதாக ஜெயித்தது. பிறகு கீழ்ப் பிரிவுக்கு விழுந்தது. ஏறி வருவதற்குள் இவர் மகன் பள்ளிக்கூடமே முடித்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை தோற்றால் மறுபடியும் கீழே.

"இவரு அங்க நின்னா ஜெயிக்குமா? கேளு."

கேட்டாள். அவர் இல்லை என்றார்.

"பின்ன என்னத்துக்கு நிக்கணும்?"

அதற்கு அவர் சொன்ன பதில் மகளுக்கே சொல்ல வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, "அங்க இருக்கணுமாம் அப்பா, அவ்வளவுதான்" என்றாள்.

அவர் வரவில்லை என்றால் மூன்றாவது ஓலை வாசிக்க விடமாட்டேன் என்றேன். மகள் போனை வைத்துவிட்டாள். ஞாயிறு காலை நான் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது போனில் ஒரு படம் வந்தது. சம்பந்தியின் விமான டிக்கெட். போதகரிடம் வாசிக்கச் சொன்னேன்.

கம்பளி நூலில் பின்னிய கிளப் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். ஏப்ரல் வெயிலில் நமக்கே சட்டை பாரமாக இருக்கிறது. காபி யார் விற்பார்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் என்றார். முதல் பெஞ்சில் என் பக்கத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சபை முழுக்கப் பார்த்தது. நான் நினைத்தது நடந்தது.

சாப்பாடு முடிந்து பந்தலில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். முக்குக்கு முக்கு எங்களுக்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் கிளப் உண்டு. ஒரு தகர ரூம், ஒரு கேரம் போர்டு, ஓணத்துக்குக் கயிறு இழுக்கும் வடம் வலி. அதன் செக்ரட்டரி, கால்பந்து காட்டும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, சாயிப்புக்க மேட்ச இஞ்ச போடுதோம். ஓணத்துக்கு ஜெர்சி ஸ்பான்சர் கேக்கணும், நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

ஓனர் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பந்திக்கு மாலை போட்டார்கள். திரைக்கு வேட்டித் துணியைக் கட்டினார்கள். சுவீடனில் மத்தியானம் கழிந்த நேரம், இங்கே பொழுது சாய்ந்திருந்தது.

"எண்ணே, பந்து எங்க?" என்றான் கிளப் பையன் ஒருவன்.

"பந்து இல்லடே. கறுப்பா ஒரு சில்லு."

"அத தொலச்சிட்டு தேடியதாக்கும் இந்த ஓட்டம்."

ஆனாலும் எல்லாரும் சம்பந்தியின் கட்சி ஆகிவிட்டார்கள். அவர் மாலையைக் கழற்றாமல் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார். ஒரு கோல் வித்தியாசத்தில் கிளப் தோற்றது. அங்கே ஸ்டேடியத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நின்று பாடினார்கள். சம்பந்தியும் பந்தல் நடுவில் தனியாகப் பாடினார். செம்பு கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர்கள் கையை நிறுத்தினார்கள். வீட்டுக் கான்கிரீட் இடிந்துபோன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மேஸ்திரியைத் திட்டுவார்கள், என் ஜல்லியைத் திட்டுவார்கள். இவர் யாரையும் திட்டவில்லை.

பிறகு உட்கார்ந்து போனில் எதையோ தட்டினார்.

"என்ன செய்யியாரு?" என்று மகளிடம் கேட்டேன்.

"வாற வருசத்துக்க சந்தா கட்டியாரு."

"தோத்ததுக்கா?"

"ஆமாப்பா."

மறுநாள் காலையில் புட்டு சாப்பிடும்போது சம்பந்தி என்ற உரிமையில் ஒரு புத்தி சொன்னேன். மேல்பிரிவில் வேறு நல்ல கிளப் இருக்கும், அதற்கு மாறிவிடச் சொல் என்றேன். இஞ்சின் போன வண்டியை நான் ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை.

"இத நான் சொல்ல மாட்டேன்" என்றாள் மகள்.

சம்பந்தி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். அவள் அவர்கள் பாஷையில் சுருக்கமாக ஏதோ சொன்னாள். அவர் புட்டை விட்டு எழுந்து வந்து, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என்ன சொன்னாய் என்று மகளிடம் கேட்டுப் பார்த்தேன். இதுவரை சொல்லவில்லை.