வேலியோரத்து வடை

என் கணவர் எந்தக் காலத்திலும் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓடியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கிற அத்தனை பேரும், வத்தளையில் இருக்கிற அவருடைய சொந்தக்காரரும், கனடாவுக்குப் போன மிச்சப்பேரும் அவர் ஓடினார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டுக்குருந்தையில், உலக யுத்தக் காலத்தில் விமானம் இறக்கப் போட்ட பழைய ஓடுபாதையில், ஒரு காலம் பந்தயம் நடந்தது உண்மை. இவர் அங்கே போனதும் உண்மை. போனது வடை சுட.

பதினேழு வயதில் பள்ளிச் சோதனையில் கோட்டை விட்டதும், வீட்டில் இவரை யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தாய்மாமன் ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் இவருக்குக் கொம்பனி ஒன்றில் வேலை. பந்தய நாட்களில் மாமன் பொரிக்கிற தாச்சியையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் ரயில் கோச்சியில் ஏற்றிக்கொண்டு போய், கடைசி வளைவுக்குப் பக்கத்தில் கம்பிவேலியோரம் இறக்குவார். இவர் குந்தியிருந்து பருப்பு வடை சுடுவார். இரண்டு வருடம் இப்படி. பிறகு படித்து, சோதனை பாஸ் பண்ணி, திணைக்களம் ஒன்றில் கிளார்க்காகி, பெரிய கிளார்க்காகப் பென்சன் எடுத்தார். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அவர் வெட்கப்பட்டார்.

கலியாணமான புதிதில் மாமன் எங்களை விருந்துக்கு அழைத்து, சிரித்துச் சிரித்து எனக்கு இந்தக் கதையைச் சொன்னார். இவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்தார்.

"இஞ்சரும், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"நான் ஏன் சொல்லப்போறன்" என்றேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் சொல்லவில்லை. அதற்குள் அவருடைய புளுகு வருடத்துக்கு வருடம் பதவி உயர்வு எடுத்தது. முதலில் பந்தயம் பார்க்கப் போனாராம். பிறகு சைக்கிளைத் தள்ளிவிட்டாராம். அடுத்தாற்போல் ஓடினாராம். கடைசியில் மூன்றாம் இடம் வந்தார். நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். புருஷன் அளந்து விட்டால் மனைவி பிடித்துத்தான் ஆகவேண்டும், அது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம்.

என்னால் பொறுக்க முடியாமல் போனது வடை. நான் எப்போது வடை சுட்டாலும், வந்தவர்களுக்கு முன்னால் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுச் சொல்லுவார்: "பரவாயில்லை. ஆனா அந்த வேலியோரத்து வடை மாதிரி வராது." அந்த வடையைச் சுட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். தன் கைவடையைத் தானே மெச்சிக்கொண்டு என்னை மட்டம் தட்டுவார், நான் இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஐந்து மணித்தியாலம் தனியே இருந்தபோது நான் வேண்டாத தெய்வமில்லை. எண்ணெய்ப் பலகாரம் கண்ணாலும் காட்டக்கூடாது என்று டொக்டர் சொன்னார். வீட்டில் பொரியலை நிறுத்தினேன், அப்பளத்தைக்கூடச் சுட்டுத்தான் கொடுத்தேன். இவர் பின்னேரங்களில் கடற்கரைக்கு நடக்கப் போவதாகச் சொல்லி, காலி வீதிக் கடைகளில் ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று வரிசையாய் ஏறி இறங்கினார். சட்டை தோய்க்கும்போது பிடிபட்டது.

"என்னப்பா இது, பொக்கற்றிலை எண்ணெய்?"

"பக்கத்து வீட்டுப் பொடியன்ரை பைக்கைத் தொட்டுப் பார்த்தனான். மெஷின் எண்ணெய்."

"மெஷினைப் பொக்கற்றுக்கையோ வைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனுசன் எனக்கு முன்னால் சாகப்போகிறார், அதுவும் ஒரு வடைக்காக, என்று நினைத்துக்கொண்டே அந்தப் பொக்கற்றைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன்.

அந்த வாரம்தான் ஓர் இளைஞன் வந்தான். பழைய பந்தயத் திடல்களைப் பற்றி வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறவனாம். கட்டுக்குருந்தையில் ஓடிய தமிழர் ஒருவர் வெள்ளவத்தையில் இருக்கிறார் என்று வத்தளைச் சொந்தக்காரர் யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். அவன் வரப்போகிறான் என்று தெரிந்ததிலிருந்து இவர் மூன்று நாளாகத் தரையில் நிற்கவில்லை. தலைக்கு மை பூசினார். சட்டையை இரண்டு தரம் அயன் பெட்டியால் மினுக்கினார். எனக்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டுக்குள் அளப்பது வேறு, உலகத்துக்கு அளப்பது வேறு. யாராவது விஷயம் தெரிந்தவன் பார்த்தால் என்ன ஆகும்? அதைச் சொன்னேன். "நீர் உம்மடை அலுவலைப் பாரும்" என்றார்.

இளைஞன் போனை ஒரு முக்காலித் தாங்கியில் பூட்டி வைத்தான். இவர் தொடங்கினார். குறை சொல்லக்கூடாது, அழகாகத்தான் சொன்னார். கடல்காற்று பக்கவாட்டில் அடித்தால் கடைசி வளைவில் சைக்கிள் எப்படி இழுக்கும், யார் யார் விழுவார்கள், புழுதி எந்தப் பக்கம் போகும், எல்லாம். வேலியோரம் குந்தியிருந்து பார்த்தவனுக்குத் தெரியாமலா? நான் கிறீம்கிறேக்கர் பிஸ்கற்றையும் தேத்தண்ணியையும் கொண்டுபோய் வைத்தேன். இளைஞன் மரியாதைக்கு ஒன்றை எடுத்தான்.

"தம்பி, இந்த வீட்டிலை உதுதான் கிடைக்கும்" என்றார் இவர், போனைப் பார்த்தபடி. "அந்த நாளையிலை ரேஸ் முடிய வேலியோரம் ஒரு வடை விப்பாங்கள். ஆ, அது வடை. இவவும் நாற்பது வரியமாச் சுடுறா. நாய்க்குப் போட்டா நாயும் யோசிக்கும்."

இளைஞன் சிரித்தான். நானும் சிரித்தேன். தட்டை மேசையில் வைத்தேன்.

"அந்த வடையைச் சுட்டதே இவர்தான், தம்பி" என்றேன். "இவர் ரேஸ் ஓடேல்லை. மாமன்ரை கடைக்கு வேலியோரம் குந்தியிருந்து வடை சுட்டவர். கேட்டுப் பாருங்கோ."

இவர் என்னைப் பார்க்கவில்லை. கிறீம்கிறேக்கரைப் பார்த்தார். இளைஞனுடைய முகத்தில் ஏமாற்றம் வரும் என்றுதான் நினைத்தேன். அவன் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டான்.

"அங்கிள், இதைத்தானே நீங்க முதல்லயே சொல்லியிருக்கணும். ரேஸ் ஓடின கதை எல்லாரும் சொல்றாங்க. ஒரு ரேசுக்கு எத்தனை வடை போடுவீங்க?"

"தெரியாது" என்றார் இவர். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் சொன்னது கோபத்தில் வந்தது. கோபத்தில் வந்ததற்கு மன்னிப்புக் கேட்கலாம், கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. நாலு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், கோப்பையைக் கழுவி வைத்தார். ஐந்தாம் நாள் இளைஞன் எனக்குப் போன் எடுத்தான்.

"அன்ரி, அங்கிள் ஆன்ஸர் பண்றாரில்ல. வீடியோவைப் போடட்டா? நீங்க சொன்னதோட சேர்த்து?"

இவர் பல்கனியில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது. நாற்பது வருடம் நான் வாயைப் பொத்தியிருந்ததற்கு இந்த நாலு நாள் முதுகா கூலி?

"போடுங்கோ" என்றேன்.

இதற்கு நான் எந்தச் சாட்டும் சொல்லப்போவதில்லை. தெரிந்து, யோசித்து, செய்தேன்.

வடை அங்கிள் என்று தலைப்புப் போட்டிருந்தான். அவன் நல்ல மனதோடுதான் செய்திருந்தான். பார்த்தவர்களும் நல்லதாகத்தான் எழுதினார்கள், உழைப்பு, பெருமை என்று. ஆனால் எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்கள்தானே. கனடாவிலிருந்து மருமகன் போன் எடுத்து, "மாமா, பத்து வடை பார்சல்" என்றான். இவருடைய தங்கச்சி அழுதாள்: "கொம்பனி எண்டு அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவ." தொடர்மாடி லிப்டுக்குள் ஒருவர் அவரை மூன்றாம் இடத்துக்காரர் என்று கூப்பிட்டார். அன்றோடு நடக்கப் போவதை நிறுத்தினார். காலி வீதிப் பக்கமே போவதில்லை. கொடுத்த அவியலைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். கொலஸ்ரோல் இறங்கியது. வீட்டில் நன்றாகக் கவனிக்கிறீர்கள் என்று டொக்டர் என்னை மெச்சினார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டு வந்தது கிடைத்துவிட்டதே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் தாங்கினேன். பிறகு ஒருநாள், வருவது வரட்டும் என்று கடலைப்பருப்பை ஊறப்போட்டு, அரைத்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டு ஐந்து வடை சுட்டேன். எப்போது சுட்டேன் கடைசியாக என்றே ஞாபகமில்லை. தட்டில் வைத்து அவருக்கு முன்னால் கொண்டுபோனேன்.

"ஒண்டு சாப்பிடுங்கோ அப்பா. டொக்டரை நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அமத்திப் பார்த்தார். விரலில் ஒட்டிய எண்ணெயைத் தட்டின் விளிம்பில் துடைத்தார்.

"எண்ணெய் நல்லாக் காய முதலே போட்டிருக்கிறீர்" என்றார். தொழில்காரன் குரலில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம். "வடைக்காரன்ரை பெண்சாதிக்கு உது தெரியாட்டி சனம் சிரிக்கும்."

வடையைத் திரும்ப வைத்து, தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீர் சாப்பிடும்."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான் ஐந்தையும் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே இருந்தார்.