சாரலில் மூடிய பலகை

செய்தி வந்த காலையில் தென்காசியே குஷியில் இருந்தது. ராத்திரி முழுக்கச் சாரல். ஐந்தருவியில் ஐந்திலும் தண்ணீர் கொட்டுகிறது என்று கைபேசியில் படம் மேல் படமாக வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் முருகையா அண்ணாச்சி அழைத்தார். "செல்வி, கோமதி போயிட்டாம்மா." நான் வாயைத் திறப்பதற்குள், "பலகை இன்னும் காயல. தொட்டா விரல்ல ஒட்டுது. என்ன செய்யணும்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர் கேட்கிற கேள்வியா இது என்று தோன்றியது. எந்தப் பலகை அண்ணாச்சி என்றேன். "ஒம் பலகைதான்" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோமதியக்காவை உங்களில் பலருக்குக் காக்கி உடுப்பில் தெரியும். கடலோரக் காவலில் நானும் அவளும் ஒரே நிலையத்தில் வேலை பார்த்தோம். ஒருநாள் ரோந்து போகையில், அலைச்சறுக்குப் பலகை ஒன்று இரண்டு துண்டாக உடைந்து மணலில் கிடந்தது. யாரோ வேண்டாமென்று வீசிவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் பார்த்தது நான். விடுப்பில் ஊருக்கு வரும்போது அக்கா ஒரு பாதியையும் நான் ஒரு பாதியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். "என்னம்மா இது, கதவா?" என்றார் கண்டக்டர். "ஆமா, கதவுதான். டிக்கெட்டப் போடுங்க" என்றாள் அக்கா. ஊர் வந்து சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தக் கதவு அவளைப் பிடித்துக்கொண்டது. கடற்கரையில் பலகை சரிபண்ணுகிறவர்களிடம் கேட்டும், சொந்தக் காசில் நாலைந்து பலகைகளைப் பாழாக்கியும் கற்றுக்கொண்டாள். விருப்ப ஓய்வு வாங்கி வந்ததும் இலஞ்சியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கடற்கரையிலிருந்து அடிபட்ட பலகைகள் கொல்லம் ரயிலில் செங்கோட்டைக்கு வந்து இறங்கும். "குத்தாலத்துல என்ன அலையா அடிக்கி?" என்று தெருவே கேலி பேசியது. "பலகை சரிபண்ணக் கடல் வேண்டாம், வெயில் போதும்" என்பாள்.

ஓய்வுபெற்று நானும் தென்காசிக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கொட்டகையில்தான் கழிந்தன. ரெசின் என்கிற பிசின் பூசிக் காய்ந்த பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்போம். வெள்ளைத் தூசி தலைமுடி, இமை, காபி டம்ளர் எல்லாவற்றிலும் படியும். மூக்கு மூடிகள் இரண்டு ஆணியில் தொங்கின. மாட்டிக்கொள்ளேன் அக்கா என்றால், "மூஞ்சிய மூடிக்கிட்டு ஒங்கிட்ட எப்பிடிட்டி பேசுவேன்?" என்பாள். எங்களுக்குப் பேச நிறைய இருந்தது. நானும் மாட்டவில்லை.

அவள் பலகையைத் தட்டிப் பார்க்கிற விதத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருமுறை வர்க்கலையில் அலைச்சறுக்குச் சொல்லித்தருகிற மலையாளப் பெண் ஒருத்தி நேரிலேயே வந்திருந்தாள். பளபளவென்று மஞ்சள் பலகை. ஓரத்தில் ஒரு சின்ன விரிசல்தான், அதை மட்டும் அடைத்துக் கொடுத்தால் போதும் என்றாள். அக்கா விரல் முட்டியால் நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். ணங், ணங், ணங். நடுவில் ஓரிடத்தில் பொத்தென்றது. "உள்ள தண்ணி குடிச்சிருக்கு" என்றாள். அந்தப் பெண் நம்பவில்லை. அக்கா அந்த இடத்தை அறுத்துத் திறந்து பலகையைச் சரித்துப் பிடித்தாள். பழுப்புத் தண்ணீர் ஒழுகியது, நாற்றத்தோடு. "மேல இவ்வளவு அழகா இருக்கு பாரு, அதான் பயமா இருக்கு" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

ஊர் முழுக்கச் சாரலுக்குக் காத்திருக்கும். அக்கா ஒருத்திக்குத்தான் அது ஆகாது. மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தால் ரெசின் டப்பாக்களை இறுக்கி மூடிவிடுவாள். அந்த ஈரக் காற்றில் பலகையைப் பூசி மூடினால் ஈரமும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த பங்குனி வெயிலில் மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, உள்ளே பலகையின் உடம்பான நுரைக்கட்டை அழுகியிருக்கும். "சாரல்ல மூடாத. என்ன ஆனாலும் மூடாத" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். எத்தனையோ பேர் அவசரப்படுத்தியும் அவள் மசிந்ததில்லை.

நாங்கள் பஸ்ஸில் கொண்டுவந்த உடைந்த பலகை மட்டும் கொட்டகைக் கூரைக்கடியில் அப்படியே கிடந்தது. அது என் பலகை, நான்தானே பார்த்தேன் என்று உரிமை கொண்டாடுவேன். சேர்த்துக் கொடு என்று நச்சரிப்பேன். "நீ எங்க அதுல ஏறப் போற? வெயில் வரட்டும்ட்டி, பாப்போம்" என்பாள். வெயில் வந்தால் வேறு யாருடைய பலகையாவது முந்திக்கொள்ளும்.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிறு, தேய்த்து முடித்து உட்கார்ந்திருந்தோம். அக்கா இடது கை விரலைத் தன் வலது விலாவில் வைத்து, அதன்மேல் மற்றக் கை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். மேலிருந்து கீழாக, நிதானமாக. "என்னக்கா, தாளமா?" என்றேன். "ஆமாட்டி" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இருமல் அதற்கும் முன்பே இருந்தது. வைகாசியில் மாடிப்படி ஏற முடியாமல் போனபோதுதான் டாக்டரிடம் கூட்டிப்போக முடிந்தது. டாக்டர் அவள் முதுகில் விரலை வைத்துத் தட்டினார். மேலே ணங், கீழே இறங்க இறங்கப் பொத். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது என்றார். அக்கா சிரித்தாள். "அத நான் பங்குனியிலயே தட்டிப் பாத்துட்டேன் சார்."

ஏன் சொல்லவில்லை என்று வெளியே வந்து சண்டை பிடித்தேன். இன்றும் அந்தக் கோபம் தீரவில்லை. "சொன்னா நீ கொட்டகைய இழுத்துப் பூட்டியிருப்ப" என்றாள். பூட்டித்தான் இருப்பேன். தண்ணீரை எடுத்தார்கள், திரும்பவும் கோத்தது. தூசியாலா, வேறு எதனாலா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவள் முதலில் சொன்னது, "ஒம் பலகைய எறக்கி வைட்டி." வெளியே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவள் பேச்சையே திருப்பிச் சொன்னேன், "வெயில் வரட்டும்க்கா." அவள் என்னைப் பார்த்தாள். "எந்த வெயில்ட்டி?" என்றாள். எதிர்வெயிலில் நிற்கிறவள் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டதால் விளையாட்டென்று நினைத்துவிட்டேன். அந்த வாரம் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போய்விட்டு, செய்தி வந்ததற்கு முந்தின நாள்தான் திரும்பியிருந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணாச்சி என்னைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். இரண்டு பாதிகளும் ஒன்றாகிக் கிடந்தன, சேர்ந்த இடம் கண்ணுக்கே தெரியாமல். "எனக்கு ரெசின் சேர்மானம் சொல்லிச் சொல்லிக் கலக்க வச்சா. பூசுனது அவதான், நாற்காலியில உக்காந்துக்கிட்டு. சாரல்ல மூடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவன்னு அவகிட்ட கேட்டேன்" என்றார் அண்ணாச்சி. நான் விரலை வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. தகரத்தின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பலகை ஒருவழியாக இறுகியது. இப்போது என் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். அவளிடமிருந்து எனக்கென்று தங்கியது இந்தப் பலகையும், அதற்குள் இருக்கிற ஈரமும், விரல் முட்டியால் தட்டுகிற அந்தப் பழக்கமும்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பலகையைத் தட்டிப் பார்க்கிறேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, விலாவில் விரலை வைத்து என்னையும் தட்டிப் பார்க்கிறேன். இதுவரை ணங்கென்றுதான் கேட்கிறது. பங்குனிக்கு முன்பு அக்காவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும்.