மேலே விமானம் இருக்கும்வரை

மலாக்காவின் காஜா பெராங் பகுதியில் அப்பாசாமியைக் கோபக்காரர் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கே மூண்டது என்று கேட்டவர் குறைவு.

கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலாயா அவசரகாலத்தில் வெள்ளையர் படை வைத்திருந்த விமானத் தளம் ஒன்று மலாக்கா நகருக்கு வெளியே இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் மலாயா இளைஞர்கள் அங்கே விமானம் ஓட்டப் பழகினார்கள். அத்தளத்தின் தீயணைப்பு வண்டியை ஓட்டியவர் அப்பாசாமி. பயிற்சி விமானம் வானில் இருக்கும்வரை வண்டியின் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. அவர் சோற்றையும் அங்கேயே உட்கார்ந்துதான் உண்டார். ஓடுபாதையில் கவிழ்ந்து தீப்பற்றிய விமானத்திலிருந்து ஒரு பையனை உயிரோடு இழுக்க முடிந்தது அந்தத் தண்ணீரால்தான் என்பதை அவர் கண்ணால் கண்டவர்.

முதன்முதலாகத் தனியே பறந்து இறங்கும் பயிற்சியாளர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுவது தளத்து வழக்கம். வெள்ளையரிடமிருந்த பொறுப்புகள் உள்ளூரார் கைக்கு மாறவிருந்த வேளையில், அப்படி ஒருவர் இறங்குவதைப் பார்க்க நகரின் பண்டார் ஹிலிர் பகுதியிலிருந்து விருந்தினர் கேமராவோடு வந்திருந்தார்கள். தீயணைப்புப் பிரிவின் தலைவர் பொன்னுதுரை, யாழ்ப்பாணத்துக் குடும்பத்தவர். அவருக்கு அன்று வாளி போதவில்லை.

"வண்டிக் குழாயாலே அடியும் காணும். படத்துக்கு வடிவா இருக்கும்."

"மேல இன்னொரு பையன் தனியா சுத்திக்கிட்டு இருக்கான் ஐயா. அவனுக்கும் இதான் மொத தடவ. அவன் இறங்கட்டும்."

"சனம் வெயில்லே நிக்குது. உம்மை நிரந்தரமாக்கச் சொல்லி நான்தான் எழுத வேணும், தெரியும்தானே?"

"தெரியும். தொட்டியத் தொறக்க மாட்டேன்."

பொன்னுதுரை மாற்று ஓட்டுநர் ஜெயபாலனைக் கூப்பிட்டார். "கோவிச்சிக்காதீங்கண்ணே," என்று முணுமுணுத்தபடி ஜெயபாலன் குழாயைத் திறந்தார். நனைந்த பயிற்சியாளர் சிரித்தார். விருந்தினர் கை தட்டினார்கள். தொட்டி வறண்டது.

அப்பாசாமி கொட்டகைக் குழாயிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து வந்து தொட்டிக்குள் விட்டார். நூலாய் வடிந்தது தண்ணீர். அதற்குள் விமானம் ஒரு சிறகைச் சாய்த்தபடி ஓடுபாதையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் தொட்டியை ஓங்கி உதைத்தார். வெற்றுத் தகரம் அதிர்ந்தது. விமானம் தரையில் மோதி, எகிறி, மறுபடி மோதி, ஒருவழியாக நின்றது.

"பார்த்தீரோ? ஒண்டும் நடக்கேல்லை. வீணாத் துள்ளினீர்."

"நடந்திருந்தா, அந்தப் பையனோட அம்மாகிட்ட இந்தப் படத்தைத்தான் காட்டியிருப்பீங்களா?"

பொன்னுதுரை விருந்தினரைத் தேநீருக்கு அழைத்துச் சென்றார். அப்பாசாமி தொட்டி வழியும்வரை நிரப்பிவிட்டுத்தான் சாவியை ஜெயபாலன் கையில் வைத்தார். நிரந்தர வேலையும் ஜெயபாலனுக்கே போயிற்று.

"ஒரு தடவ பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கலாம்ல," என்றார் மனைவி ருக்மணி.

"ஒன் புள்ள மேல இருந்திருந்தா இதச் சொல்வியா?"

அதன்பின் அவர் நகரின் தெங்கேரா பகுதியில் சரக்கு லாரி ஓட்டினார். ஆனால் பயிற்சி விமானம் காஜா பெராங்கின் கூரைகளுக்கு மேல் வட்டமிடும் மதியங்களில், பிசைந்த சோற்றில் அவர் கை அப்படியே நின்றுவிடும். முகம் கறுத்துவிடும்.

"கொழம்பு ஆறுது," என்பார் ருக்மணி.

"இறங்கட்டும்."