ஏழாவது பத்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. வேதியியலில் முதுகலை படித்தவள். மகள் இனியா பிறப்பதற்கு முன் மணலியில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஒரு மாதிரியை மூன்று முறை சோதித்து, மூன்று முறையும் ஒரே விடை வந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். போட்ட பிறகும், சரியாகத்தான் பார்த்தோமா என்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் யோசித்துக்கொண்டே போவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஏழு பத்திகள் படிக்கப்பட்டன.

நள்ளிரவும் இல்லை, மின்வெட்டும் இல்லை. மாலை நாலரை மணி, ஜன்னல் வழியே நல்ல வெயில், தலைக்கு மேல் மின்விசிறி, வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன.

எங்கள் படிப்பு வட்டம் தொடங்கிய விதத்தைச் சொன்னால்தான் நடந்தது புரியும். காலடிப்பேட்டையில் செல்வராஜ் அண்ணாச்சிக்கு இரும்புச் சாமான் கடை, திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். ஆணி மடித்துக் கொடுப்பதற்காக எடைக்குப் போட்ட பழைய தாள்களை மூட்டையாக வாங்கி வைத்திருப்பார். ஒரு மூட்டையில் அட்டை போன தடிமனான தமிழ்ப் புத்தகம் ஒன்று வந்தது. பிரம்மஞானம் பற்றியது. உயிர் எங்கிருந்து வருகிறது, உடம்பை விட்ட பின் எங்கே போகிறது, எல்லா மதங்களுக்கும் அடியில் இருக்கும் ஒரே உண்மை எது என்றெல்லாம் பேசுகிற புத்தகம். அண்ணாச்சி அதையெல்லாம் பார்க்கவில்லை. தாளைக் கிழித்தார், ஆணியை மடித்தார்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்யும் தேசம்மா அக்கா அலமாரி அடிக்க இரண்டங்குல ஆணி வாங்கிப் போனார். மறுநாள் காலை அந்தத் தாளோடு கடைக்குத் திரும்பி வந்தார்.

“இன்னா அண்ணாச்சி, செத்தவன் எங்க போறான்னு சொல்ல வர்ற எடத்துல தாள கிய்ச்சி ஆணிக்கு சுத்திக் குட்துட்ட. மீதி எங்க கீது?”

“மீதிய வேற ஆளுக்கு மடிச்சிருப்பேன், தாயி.”

“அப்ப அவன் வூட்டாண்ட போயி படிக்கவா?”

முந்திய வருடம்தான் அக்காவின் தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாமல் போயிருந்தார். அண்ணாச்சிக்கு அது தெரியும். மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவிப் புத்தகத்தை எடுத்தார், அக்கா கொண்டுவந்த தாளை அதன் இடத்தில் ஒட்டினார். அங்கங்கே இன்னும் சில தாள்கள் போயிருந்தன, அவை எந்த வீட்டில் எந்த ஆணியோடு இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, மாடியில் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் படிக்கத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பாண்டுரங்கன் சார் பூட்டு வாங்க வந்து, மேலே சத்தம் கேட்டுப் படியேறியவர், பூட்டை மறந்துவிட்டு அங்கேயே உறுப்பினரானார். பிறகு ஒரு பள்ளி ஆசிரியையும் அவர் கணவரும் சேர்ந்தார்கள்.

இருப்பது ஒரே புத்தகம் என்பதால் அது கைமாறும். ஆளுக்கு ஒரு பத்தி. ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தத்துவம் எதுவும் காரணமில்லை, அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் கூச்சத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருக்காக அண்ணாச்சி போட்ட விதி அது. ஒரு பத்தியாவது தன் வாயால் படித்தவர்தான் உறுப்பினர் என்பது இன்னொரு விதி.

பிரம்மஞான சங்கத்தின் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டதில், ஏழு பேர் சேர்ந்தால்தான் கிளை, அதுவரை வெறும் படிப்பு வட்டம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சி ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட ஆரம்பித்தார். வரப்போகிறவருக்கு இடம் இல்லையென்றால் எப்படி வருவார் என்பார்.

நான் ஆறாவது. கதவில் உயரத்தில் வைக்கிற தாழ்ப்பாள் வாங்கப் போயிருந்தேன், இனியா கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுகிறாள் என்ற பயம். லாரிச் சத்தம் கேட்டாலே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உடம்பை முறுக்குகிற குழந்தை, மாடியிலிருந்து வந்த படிக்கும் குரலைக் கேட்டுக் கையை எடுத்தாள். படியேறிப் போய்க் காலி நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் அசையவில்லை. அதற்காகத்தான் நான் வாராவாரம் போனேன், ஞானத்துக்காக அல்ல. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

இனியாவுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அம்மா என்றுகூட இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, பேச்சுப் பயிற்சி கொடுங்கள், பொறுத்திருங்கள் என்றார் மருத்துவர். நான் கேட்க நினைத்தது வேறு. வயிற்றில் அவள் இருந்தபோது ஏழாம் மாதம் வரை பெயின்ட் கரைக்கும் தின்னர் வாடையில் நின்று வேலை பார்த்தேனே, அதனாலா? அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இன்னொரு மருத்துவரிடம் கேட்டேன், அதற்கு மேலும் ஒருவரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே விடை சொன்னார்கள். அந்த ஒரு விடைக்கு மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். இனியா கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நின்றுகொண்டிருப்பாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் இருப்பாள்.

அந்த ஞாயிறு, ஏழாவது ஆள் கிடைக்கவில்லையே என்ற பேச்சு வந்தது.

“அதான் கீய குந்திகினு கீதே ஒரு ஆளு, அத்த எயுதிக்கோ,” என்றார் தேசம்மா அக்கா.

“ஒரு பத்தி படிக்கணும்லா, விதி இருக்குல்லா,” என்றார் அண்ணாச்சி, சிரித்துக்கொண்டுதான். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“நீ ஒண்ணும் மூஞ்ச தொங்கப் போடாத கண்ணு,” என்றார் அக்கா. “எங்க அண்ணன் நாலு வயசு வரிக்கும் ஊமன்னு பேரு. இப்ப அது வாய மூட வெக்க ஆளு இல்ல குப்பத்துல.”

படிக்க ஆரம்பித்தோம். பாண்டுரங்கன் சார் எப்போதும்போல் கைபேசியில் பதிவு செய்ய ஆரம்பித்து அதை மேசையில் வைத்தார், அவர் மனைவிக்கு முழங்கால் வலி, படியேற முடியாது, வீட்டில் கேட்பார். ஐந்து பேர் படித்தார்கள். கடைசியாக நான் படித்தேன். படித்து முடித்த கடைசி ஆள் புத்தகத்தைக் காலி நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும், கொஞ்ச நேர மௌனத்துக்குப் பின் அண்ணாச்சி மேசையைத் தட்டுவார். வைத்தேன், மூடினேன்.

அடுத்த பத்தி தொடங்கியது.

நிதானமான குரல். ஆணா பெண்ணா என்று அப்போது யோசிக்கவே இல்லை, இப்போது யோசித்தாலும் பிடிபடவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு நிமிடத்துக்கு மேல் படித்தது. அண்ணாச்சி இன்னொரு சுற்றைத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். முடிந்தது. தாள் புரளும் ஓசை. மேசை தட்டப்பட்டது. கண்ணைத் திறந்தேன்.

“ரெண்டு பத்தி படிச்சிட்டீங்க, நல்லா இருந்துச்சு,” என்றார் அண்ணாச்சி என்னைப் பார்த்து.

“நான் ஒண்ணுதான் படிச்சேன். நீங்கதானே படிச்சீங்க?”

“நான் எங்க படிச்சேன்?”

ஆசிரியை படித்தார் என்று அக்கா நினைத்திருந்தார். அக்காதான் இன்று இவ்வளவு சரளமாகப் படிக்கிறார் என்று ஆசிரியை நினைத்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். புத்தகம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் படித்த பத்தியோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது. அதற்கு அடுத்த தாளே இல்லை, தையலோரத்தில் கிழித்த அடையாளம் மட்டும்தான். எப்போதோ ஆணி மடித்துப் போன தாள் அது.

அப்போது நான் செய்ததை நினைத்தால் எனக்கே இன்றும் ஒரு தெம்பு வரும். யாரும் பேச வேண்டாம் என்றேன். ஆறு துண்டுத்தாள் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, நினைவில் இருப்பதை ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதச் சொன்னேன். முழுப் பத்தியும் ஒருவருக்கும் நினைவில்லை. கடைசி வரிகள் ஆறு தாளிலும் ஒன்றுபோல் இருந்தன, அக்காவுடையதில் எழுத்துப் பிழைகளோடு.

‘தாமதமாக வரும் உயிர் வழி தவறிவிட்டதென்று எண்ண வேண்டாம். அது வாசல் வரை வந்துவிட்டது. உள்ளே இருப்பவளின் குரலைக் கேட்டபடி நிற்கிறது. அவள் அழுகையை நிறுத்தும் நாளில் அது உள்ளே வரும்.’

குளியலறைக் கதவைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம்கூட.

நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். இனியா அண்ணாந்து நாற்காலியின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமில்லை. ஆறு துண்டுகளையும் வட்டத்தின் குறிப்பு நோட்டில் ஒட்டினேன். உறுப்பினர் ஆறு, பத்தி ஏழு என்று எழுதினேன், அதை அடித்துவிட மறுபடி பேனாவை எடுத்தேன். “நடந்தத எழுதுறதுதான் செயலாளர் வேல,” என்றார் அண்ணாச்சி. அடிக்கவில்லை.

மறுநாள் பாண்டுரங்கன் சாரின் மனைவி அவரிடம் கேட்டாராம், நடுவில் ஏன் அவ்வளவு நேரம் சும்மா இருந்தீர்கள் என்று. பதிவை நானும் மூன்று முறை கேட்டேன். என் குரல், பிறகு மின்விசிறிச் சத்தம், தூரத்தில் லாரி, கடைசியில் தாள் புரளும் ஓசை, அண்ணாச்சியின் தட்டு. ஒரு நிமிடம் இருபது விநாடிக்கு வேறொன்றும் இல்லை.

அன்றைக்குப் பிறகு குளியலறையில் அழுவதை விட்டேன். நம்பிக்கையால் என்று சொல்ல மாட்டேன், வெளியே நின்று கேட்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாவது ஞாயிறு என் முறை வந்து புத்தகம் கையில் இருந்தது, ஏனோ தொடங்காமல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு குரல், “படி” என்றது.

என் மகளின் முதல் சொல் அதுதான். அக்கா கண்ணைத் திறந்து, விதியை மீறி, “இன்னா பாத்துகினு கீற, பாப்பா சொல்லுதுல்ல, படி,” என்றார். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

தாமதமாகப் பேசும் குழந்தைகள் திடீரென்று இப்படித் தொடங்குவதுண்டு என்றார் பேச்சுப் பயிற்சியாளர். இருக்கலாம், பயிற்சியையும் நாங்கள் விடவில்லை. அண்ணாச்சி தாளைக் கிழிக்கும்போது படித்தது அவர் மனதில் தங்கியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம், என் கணவரும் அதைத்தான் சொன்னார். அப்படியே வைத்துக்கொண்டாலும் குரல் யாருடையது?

ஏழு மாதம் கழித்துக் கடையில் அலமாரியை நகர்த்தியபோது அடியில் விற்காத ஆணிப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. மடித்திருந்தது புத்தகத்தில் இல்லாமல் போன அந்தத் தாளில். கடைசி வரிகள் சொல்லுக்குச் சொல் அப்படியே இருந்தன. ‘அவள்’ என்பதற்கு அடுத்த இரண்டு சொற்களை மட்டும் துரு தின்று ஓட்டையாக்கியிருந்தது. அவை என் நோட்டில் இருக்கின்றன.

இப்போது வட்டத்தில் பதினான்கு பேர். ஏழாவதாக மணலி புதுநகரிலிருந்து ஒரு செவிலியர் வந்து சேர்ந்ததும் முறைப்படி கிளையானோம், அங்கேயும் ஒரு வட்டம் தொடங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் வந்தாலும் அண்ணாச்சி ஒரு நாற்காலி கூடுதலாகவே போடுகிறார்.

இனியா ஒன்றாம் வகுப்பு. வாய் ஓய்வதில்லை. மாலையில் தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள், கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். ஒன்றுதான். பாடம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்தபடியே பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒரு நிமிடம், சில நாள் அதற்கு மேல். பிறகு தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொள்வாள். மாடியில் பார்த்ததைச் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் கேட்டுவிட்டேன், அந்த நேரத்தில் என்ன செய்கிறாய் என்று.

“அவங்க படிக்கிறாங்கம்மா.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே?”

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். “நீ ஏன் கண்ணத் தொறந்து வெச்சிருக்க?”

நான் இன்னும் மூடிப் பார்க்கவில்லை.