ஒரு நாள் தூண்கள்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட் பத்மாவதி வரைந்த வீடுகளில் ஒரு வளைவையோ பூவேலையையோ பார்க்க முடியாது. வெள்ளைச் சுவர், மொட்டைத் தளம், பெரிய கண்ணாடி ஜன்னல், அவ்வளவுதான். பாரம் தாங்காத தூண் பொய்த்தூண் என்பது அவர் கட்சி. இத்தனைக்கும் ஒரு கல்லூரியில் பின்நவீனத்துவக் கட்டடக்கலைக்கு வகுப்பெடுப்பவர். "நவீனம்னு பெட்டி பெட்டியாக் கட்டினாங்க. அதுல குடியிருக்கறவங்க ஆசைக்கு எடம் எங்கேன்னு ஒரு கூட்டம் கேட்டுச்சு. தூணும் வளைவும் அப்படித்தான் திரும்பி வந்துச்சு" என்று பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்வார். ஊருக்குத்தான் உபதேசம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை நடத்தும் வேலுமணியும் மனைவி செவ்வந்தியும் அவரிடம் வந்தார்கள். இருவரின் பெற்றோரும் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள். அந்த வம்சத்திலேயே இதுதான் முதல் மச்சு வீடு. வாசலில் நாலு தூண், மேலே ஒரு வளைவு, அது மட்டும் வேண்டும் என்றார் செவ்வந்தி.

பத்மாவதி சிரித்துவிட்டார். "கல்யாண மண்டபமாங்க கட்டறோம்?"

"சரிங்க மேடம். நீங்க சொல்றபடியே கட்டிப்போடலாங்க" என்றார் செவ்வந்தி.

இந்தப் பக்கத்தில் மரியாதைப்பட்டவரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மாட்டார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பத்மாவதிக்கு அது தெரியாதா என்ன? தெரியும். வசதியாக மறந்துவிட்டார்.

கிரகப்பிரவேசத்தன்று காரிலிருந்து இறங்கினால், அவர் கட்டிய வீட்டையே காணோம். வாசலை அடைத்துத் தெர்மாகோல் தூண்கள், தங்க பெயின்ட் அடித்த வளைவு, இரண்டு பக்கமும் மயில். வெள்ளைச் சுவர் ஒரு சாண்கூட வெளியே தெரியவில்லை. சொந்தக்காரர்கள் அதன் முன்னால் முறை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செவ்வந்தி பட்டுச்சேலையோடு பதறி ஓடி வந்தார்.

"ஏனுங்க மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. டெக்கரேசன்காரங்க சாயங்காலமே கழட்டிருவாங்க. உங்க செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்க உடலீங்க."

உங்க செவுரு. தன் வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்காரியே அப்படிச் சொன்னதும் பத்மாவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் வகுப்பில் பேசிய பேச்செல்லாம் வெறும் வாய்ப்பந்தல் என்று தோன்றியது.

"இன்னொருக்கா எங்கிட்டக் கேட்டிருக்கலாமே, செவ்வந்தி?"

"கேட்டப்ப நீங்க சிரிச்சீங்கல்லங்க" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. "அப்புறம் கேக்கறதுக்கு எனக்கு வெக்கமாப் போச்சுங்க."

வெட்கப்பட வேண்டியவர் செவ்வந்தி இல்லை என்று பத்மாவதிக்குத் தெரியும்.